சீவிய மரத்துக்குத் திரும்பி வா

இளைஞர் வகுப்புப் பாடம்

பாடத்தின் நோக்கம்: இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒன்றைத் தேடப் போய், இணைப்பு விட்டு இணைப்பு தாவி, தேடப் போனதையே மறந்துவிடும் பழக்கத்தைப் புரிந்துகொள்வது. அதற்கு நம் சமய நூல்களும் நம் தோட்ட வாழ்க்கையும் காட்டும் வழியை அறிவது.



பள்ளி இடுபணியோ, திருமுறை விழாப் பேச்சோ, எதுவானாலும் இப்போது நாம் முதலில் கையில் எடுப்பது கைப்பேசியைத்தான். அதில் தப்பே இல்லை. லாபு, லிங்கி, சிலியாவ், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என்று நம் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளில் பலர் ஒரு கலைக்களஞ்சியத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இன்று நாம் வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே உலகத்து அறிவையெல்லாம் புரட்டுகிறோம். இது பெரிய வரம்.

ஆனால் வரம் கிடைத்தவர்கள் எல்லாரும் பிழைத்துவிட்டார்களா? நம் புராணங்களைக் கேட்டால் தெரியும். வரத்தைக் கையாளத் தெரிந்தவன்தான் பிழைத்தான். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1. நந்தனாரைத் தேடிப் போனவள்

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். படிவம் 4 படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் திருநாளைப்போவார் நாயனாரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு விக்கிப்பீடியாவில் நந்தனார் பக்கத்தைத் திறக்கிறாள். இரண்டு பத்தி படிக்கிறாள். 'சிதம்பரம்' என்ற சொல் நீல நிறத்தில் இருக்கிறது. தொடுகிறாள். சிதம்பரம் பக்கம் வருகிறது. அங்கே 'நடராசர்'. தொடுகிறாள். இதுவரை சரிதான், எல்லாம் ஒரே வீட்டுச் சங்கதி.

நடராசர் பக்கத்தில் ஒரு வியப்பான செய்தி. ஐரோப்பாவில் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வகத்தின் வளாகத்தில் இந்திய அரசு கொடுத்த நடராசர் சிலை 2004-இல் வைக்கப்பட்டது. 'அட, அப்படியா!' செர்ன் பக்கத்துக்குப் போகிறாள். செர்ன் இருப்பது ஜெனிவா அருகில். ஜெனிவாவிலிருந்து சுவிட்சர்லாந்து. சுவிட்சர்லாந்திலிருந்து ரோஜர் ஃபெடரர். அங்கிருந்து விம்பிள்டன். அங்கிருந்து யார் யாரோ ஆட்டக்காரர்கள்.

"என்னம்மா, எழுதி முடிச்சிட்டியா?" என்று அப்பா கேட்கிறார். "இல்லப்பா, இன்னும் படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்கிறாள். அவள் சொன்னது பொய் இல்லை. படித்துக்கொண்டுதான் இருந்தாள். நிமிர்ந்து பார்க்கும்போது மணி பத்தரை. டேட்டாவும் தீர்ந்து போச்சு. தாளில் 'திருநாளைப்போவார்' என்ற தலைப்பு மட்டும் இருக்கிறது. 'சரி, நாளைக்குக் காலையில எழுதிக்கலாம்' என்று படுக்கிறாள்.

இதில் அவள் இழந்தது மூன்று மணி நேரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த ஒரு நல்ல விஷயத்தை அவள் பார்க்காமலே போய்விட்டாள். அதே நந்தனார் பக்கத்திலிருந்து கோபாலகிருஷ்ண பாரதியார் என்ற இணைப்பைத் தொட்டிருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில், நந்தனாருக்குச் சிதம்பரம் போக அனுமதி மறுக்கும் பண்ணையார் கிடையாது. ஆதனூரில் பிறந்த நந்தனார், தம் பிறப்பை எண்ணித் தயங்கித் தயங்கி, 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லியே திருநாளைப்போவார் ஆகிறார். வேலை முடிந்தால்தான் விடுவேன் என்று தடுக்கும் பண்ணையார், 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வருகிறவர்.

ஏன் அப்படி ஒரு பாத்திரத்தைப் பாரதியார் சேர்த்தார்? கோயிலுக்குப் போக ஒரு நாள் விடுப்புக் கேட்டு முதலாளி முன் கைகட்டி நிற்கும் நந்தனாரை நினைத்துப் பாருங்கள். கிராணியிடமும் தொரையிடமும் தைப்பூசத்துக்கு விடுப்புக் கேட்டு நின்ற பரம்பரையில் வந்தவர்கள் நாம். இந்த ஒரு கேள்வியை அவள் வகுப்பில் வைத்திருந்தால், அந்த ஐந்து நிமிடப் பேச்சு கேட்ட எல்லாருக்கும் நெஞ்சில் தைத்திருக்கும். அந்தக் கேள்வி ஒரே ஒரு இணைப்பு தள்ளி இருந்தது. அவளோ ஆறு இணைப்புத் தாண்டி டென்னிஸ் மைதானத்தில் நின்றாள்.

2. குற்றம் இணைப்பில் இல்லை

'அப்படியானால் இணைப்பே கெட்டது, புத்தகமே நல்லது' என்று சிலர் சொல்வார்கள். அது சரியான முடிவு இல்லை. அறிவின் இயல்பே ஒன்றோடொன்று பிணைந்திருப்பதுதான்.

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி இணையத்தோடு பிறந்ததல்ல. ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராகப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். புராணப் பெயர், புலவர் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் அகரவரிசையில் இருக்கும். அதில் ஒரு பெயரைத் தேடப் போனவர் பக்கத்தில் உள்ள நாலு பெயரைப் படிக்காமல் மூட முடியாது. பிறகு பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது.

விக்கிப்பீடியா 2001-இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் பிறந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அதன் தொடக்க காலத்திலிருந்தே உழைத்தவர். ஆயிரக்கணக்கான கட்டுரைகளைச் சம்பளம் எதுவும் வாங்காமல் எழுதியவர். 2017-இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. நமக்காக யாரோ கண்விழித்து எழுதியது அது. அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது.

பழைய புத்தகத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. புத்தகத்தில் ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக எழுந்து நடந்து அலமாரியைத் திறக்க வேண்டும். அந்த நாலு எட்டு நடப்பதற்குள் 'இது நமக்கு இப்போ தேவையா?' என்று மனம் ஒரு தடவை கேட்டுவிடும். இணையத்தில் விரல் தொட்டால் போதும். கேள்வி கேட்க மனத்துக்கு அவகாசமே இல்லை. கரையும் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு விளையாட்டு உண்டு. ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து, அதன் முதல் இணைப்பைத் தொட்டு, அடுத்ததிலும் முதல் இணைப்பைத் தொட்டு, இப்படியே போனால் பெரும்பாலும் 'தத்துவம்' என்ற கட்டுரைக்கு வந்து சேர்ந்துவிடலாம். எங்கே தொடங்கினாலும் எங்கேயும் போகலாம் என்பதற்கு இதுவே சாட்சி. ஆகவே 'முடிகிற இடத்தில் நிறுத்திக்கலாம்' என்று காத்திருந்தால் அந்த இடம் வரவே வராது. நிறுத்துவது நம் வேலை.

3. கிளைக்குப் போய்த் திரும்பும் கதைகள்

கிளைக்குள் கிளை, அதற்குள் இன்னொரு கிளை என்று போவதில் நம் இதிகாச புராணங்களை மிஞ்ச முடியாது. ஆனால் அவை எப்படிப் போகின்றன என்று கவனியுங்கள்.

மகாபாரதத்தில் வனபர்வம். சூதாட்டத்தில் நாட்டை இழந்த தருமர் காட்டில் இருக்கிறார். பிருகதசுவர் என்ற முனிவர் வருகிறார். 'என்னைப்போல் துன்பப்பட்ட அரசன் வேறு யாராவது உண்டா?' என்று தருமர் கேட்கிறார். முனிவர் நளன் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். அன்னப்பறவை, சுயம்வரம், கலி, கார்க்கோடகன் என்று கதை எங்கெங்கோ போகிறது. படிக்கிற நமக்குத் தருமரே மறந்துபோகிறார். கடைசியில் நளன் சூதாட்டத்தின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டு இழந்த நாட்டை மீட்கிறான். கதை முடிந்ததும் முனிவர் எழுந்து போய்விடவில்லை. அதே சூதாட்ட நுட்பத்தைத் தருமருக்கும் சொல்லிக் கொடுக்கிறார். பிறகு விராட நாட்டில் தருமர் கங்கன் என்ற பெயரில் அரசனோடு சூதாடும் துணைவனாகவே மறைந்து வாழ்கிறார். கிளைக்கதை அடிமரத்துக்குத் திரும்பி வந்தது. வரும்போது வெறுங்கையோடு வரவில்லை.

பெரியபுராணமும் அப்படித்தான். தனியடியார் 63 பேர், தொகையடியார் 9 கூட்டத்தார். ஊர் ஊராக, குலம் குலமாக, தொழில் தொழிலாகக் கதை போகிறது. குயவர், வண்ணார், மீனவர், வேடர், அரசர் எல்லாரும் வருகிறார்கள். இத்தனை கிளையையும் சேக்கிழார் எதால் கட்டினார்? சுந்தரரால். கயிலையில் சுந்தரரோடு தொடங்குகிறார். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குத் திரும்புவதோடு முடிக்கிறார். இடையில் ஒவ்வொரு சருக்கம் முடியும்போதும் சுந்தரரை ஒரு முறை நினைத்து வணங்கிவிட்டுத்தான் அடுத்த சருக்கத்துக்குப் போகிறார்.

இதுதான் இந்தப் பாடத்தின் சாரம். கிளைக்குப் போகலாம். எத்தனை கிளைக்கு வேண்டுமானாலும் போகலாம். எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை மறக்காமல், எதையாவது எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

4. ஊர்சுற்றியும் வேட்டைக்காரரும்

இன்றைய ஆய்வும் இதைத் தொட்டுப் பேசுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 149 பேரை, 21 நாள், நாளுக்கு 15 நிமிடம் விக்கிப்பீடியாவில் விருப்பம்போல் படிக்கச் சொன்னார்கள். யார் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறார் என்று பதிவு செய்தார்கள்.

இரண்டு பாணிகள் தெரிந்தன. ஒரு சாரார் சம்பந்தமே இல்லாத தலைப்புகளுக்குத் தாவிக்கொண்டே போகிறார்கள். இவர்களை ஊர்சுற்றிகள் எனலாம். இன்னொரு சாரார் நெருங்கிய தலைப்புகளிலேயே சுற்றி, ஏற்கெனவே பார்த்த பக்கங்களுக்கும் திரும்பி வருகிறார்கள். இவர்கள் வேட்டைக்காரர்கள். 'எனக்கு இது தெரியவில்லையே' என்ற உறுத்தல் அதிகம் உள்ளவர்கள்தான் வேட்டைக்காரர் பாணிக்கு நெருங்கி வந்தார்கள். அதோடு, ஒரே ஆளிடமும் இந்தப் பாணி காலத்துக்குக் காலம் மாறியது. ஆகவே 'நான் பிறவியிலேயே இப்படித்தான் சார், மனசு நிக்காது' என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. கேள்வி உறுத்தினால் கால் தானாகத் திரும்பும்.

5. மரம் சொல்லும் பாடம்

வேட்டைக்காரர் பாணியில் ஒரு தடம் போய்ப் பார்ப்போமா? கேள்வி இதுதான்: நம் தோட்டத்துக்கு ரப்பர் மரம் எங்கிருந்து வந்தது?

ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அவற்றில் சிறு பங்கே முளைத்தது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைமைப் பொறுப்புக்கு ஹென்றி ரிட்லி வந்தார். மலாயாவில் ரப்பர் போடுங்கள் என்று பார்த்தவரிடமெல்லாம் விதையைக் கொடுத்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்றுகூடப் பெயர் வாங்கியவர். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். அதன் பிறகு தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களுக்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

பிரேசில், லண்டன், சிங்கப்பூர், மலாக்கா, கடைசியில் நம் வீட்டு வாசல். எத்தனை தூரம் போனோம்! ஆனால் வழி தவறவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு இணைப்பும் அதே கேள்விக்குப் பதில் சொன்னது.

இந்தத் தடத்தில் நமக்கு இன்னொரு புதையலும் உண்டு. பிரேசில் காட்டில் பால் எடுத்தவர்கள் சிறு கோடாலியால் மரத்தில் அங்கங்கே கொத்துவார்கள். இன்றைக்கு இங்கே ஒரு கொத்து, நாளைக்கு வேறு இடத்தில் ஒரு கொத்து. மரம் முழுக்கக் காயம். ரிட்லி கண்டுபிடித்தது வேறு முறை. போட்ட வெட்டையே மறுபடி மறுபடி மெல்லிசாகச் சீவித் திறந்தால், மரமும் சாகாது, பாலும் கூடுதலாக வரும். நம் பாட்டிமார் உளியைப் பிடித்துச் சீவியது அந்த முறையில்தான்.

படிப்பும் அதேதான். பத்துத் தலைப்பில் பத்துக் கொத்துப் போட்டால் மனம் முழுக்கக் காயம்தான் மிச்சம். ஒரே தலைப்பை நேற்று விட்ட இடத்திலிருந்து இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று சீவினால் பால் இறங்கும்.

இன்றைக்கு நம் பக்கத்தில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பால் மரம் சீவுவதைப் பார்த்திராத பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தன் நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிக்கொண்டே போக வேண்டும். கடைசி மரம் வந்ததும் வேலை முடிந்துவிடாது. பாதி வேலைதான் முடிந்தது. மறுபடி முதல் மரத்துக்குத் திரும்பி, மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வர வேண்டும். திரும்ப நேரமானால் பால் மங்கிலேயே உறைந்துவிடும். கட்டிப்பாலுக்கு விலை குறைவு. மழை பிடித்தால் அதுவும் போச்சு.

இணைப்புகளைத் திறந்துகொண்டே போவது சீவுவது மாதிரி. திரும்பி வந்து நம் கேள்விக்கு வேண்டியதை எடுத்து எழுதுவதுதான் பால் எடுப்பது. நம்மில் பலர் இரவெல்லாம் சீவுகிறோம். பால் எடுக்கத்தான் திரும்புவதில்லை.

6. கண்ணன் கேட்டது என்ன?

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் தியான யோகம். அதில் கண்ணன் மனம் அலையும் என்பதை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறான். அது எங்கெங்கே ஓடுகிறதோ, அங்கங்கேயிருந்து அதைப் பிடித்துத் திரும்பக் கொண்டு வா என்பதே அவன் சொல்லும் வேலை. அர்ச்சுனன் சும்மா விடவில்லை. 'காற்றைப் பிடிக்கிற மாதிரி இருக்கே, முடியுமா?' என்ற கருத்தில் கேட்கிறான். 'கஷ்டம்தான், ஆனால் பயிற்சியாலும் பற்றின்மையாலும் முடியும்' என்பது கண்ணனின் பதில்.

இதில் பயிற்சி என்பது திரும்பத் திரும்பச் செய்வது. பற்றின்மை என்பது, சுவையாக இருக்கிறது என்பதற்காகவே ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் இருப்பது. ஃபெடரர் பக்கம் சுவையானதுதான். 'இன்றைக்கு வேண்டாம்' என்று விடுகிற பலம்தான் பற்றின்மை.

திருவள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தின் இரண்டாம் குறளில் இதே வேலையைத்தான் அறிவுக்குக் கொடுக்கிறார். மனம் போன போக்கில் போக விடாமல், தீயதிலிருந்து விலக்கி நல்லதன் பக்கம் திருப்பி ஓட்டுவதே அறிவு என்பது அவர் கருத்து. எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோம் என்பதை அவர் இங்கே அளக்கவில்லை. திருப்பத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்.

7. ஐந்து பழக்கங்கள்

ஒன்று: கேள்வியை முதலில் தாளில் எழுதுங்கள். 'நந்தனார்' என்று மட்டும் எழுதினால் அது கேள்வி ஆகாது. 'நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர் வரக் காரணம் என்ன?' என்று எழுதுங்கள். கைப்பேசியைத் திறப்பது அதன் பிறகுதான்.

இரண்டு: மூன்று இணைப்புக்கு ஒரு தடவை வீட்டுக்குத் திரும்புங்கள். சேக்கிழார் சருக்கத்துக்குச் சருக்கம் சுந்தரரை நினைத்த மாதிரி, மூன்று பக்கம் தாண்டியதும் முதல் பக்கத்துக்கு வந்து, எடுத்த சங்கதியை ஒரு வரி எழுதுங்கள். எழுத ஒன்றுமே இல்லை என்றால் வழி தவறிவிட்டது என்று அர்த்தம்.

மூன்று: 'அப்புறம் பார்க்க' என்று ஓரத்தில் ஒரு பட்டியல் வையுங்கள். செர்ன் நடராசர் சிலை கண்ணில் பட்டதா? பட்டியலில் போடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் மனம் அடம் பிடிக்கும். அப்புறம் என்று சொன்னால் சமாதானம் ஆகும். வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தப் பட்டியலுக்கே ஒதுக்கி, தாராளமாக ஊர் சுற்றுங்கள். அதுவும் வேண்டியதுதான்.

நான்கு: அடிக்குறிப்பைப் பாருங்கள். விக்கிப்பீடியாவை யாரும் திருத்தலாம். ஆகவே ஒரு செய்தி முக்கியம் என்று பட்டால், அது எந்த நூலிலிருந்து எடுத்தது என்று கீழே பாருங்கள். தாவிப் போகிறவன் அடிக்குறிப்பு வரைக்கும் இறங்குவதே இல்லை. அதனால்தான் பாதி தெரிந்ததை முழுதாகத் தெரிந்ததாக நினைத்து வாட்சாப்பில் அனுப்பி வைக்கிறோம்.

ஐந்து: மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். படித்து முடித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மாவிடமோ தம்பியிடமோ ஐந்து வாக்கியத்தில் சொல்லுங்கள். வாயில் வந்ததுதான் வாளிக்கு வந்த பால்.

8. சிவப்பு இணைப்பு

கடைசியாக ஒன்று. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விக்கிப்பீடியாவில் நீல இணைப்புகள் மட்டும் இல்லை. சிவப்பு இணைப்புகளும் உண்டு. நீலம் என்றால் அந்தக் கட்டுரை இருக்கிறது. சிவப்பு என்றால் பெயர் மட்டும் இருக்கிறது, கட்டுரையை இன்னும் யாரும் எழுதவில்லை. சிவப்பைத் தொட்டால் வெற்றுப் பக்கம்தான் வரும்.

உங்கள் தோட்டத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலை, முனீஸ்வரர் கோயிலைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் வெற்றுப் பக்கம்கூட வராது, ஏனென்றால் அந்தப் பெயரையே யாரும் எங்கும் குறிப்பிட்டிருக்க மாட்டார்கள். ஜெனிவாவைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நம் லயத்தைப் பற்றி எழுத நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நம் பெரியவர்களிடம் இருக்கிற சங்கதிகள் கொஞ்சமா? கங்காணி முறையில் கப்பலேறி வந்த கதை. இந்திய அரசு 1938-இல் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்ததும் ஊரிலிருந்து புது ஆட்கள் வருவது நின்றுபோன கதை. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் போட இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராதவர்களின் கதை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க வழி செய்த கதை. பெரிய வரலாறு புத்தகத்தில் இருக்கிறது. அது உங்கள் தோட்டத்தில், உங்கள் குடும்பத்தில் எப்படி நடந்தது என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது ஒரு பாட்டியின் நினைவில் இருக்கிறது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டால் கோயில் இடம் மாறும், லயம் இடிபடும். பாட்டியும் நமக்காகக் காத்திருக்க மாட்டார்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டி வாய்மொழியாகச் சொன்னதை அப்படியே விக்கிப்பீடியாவில் ஏற்ற முடியாது. அச்சில் வந்த ஆதாரம் கேட்பார்கள். ஆகவே முதலில் கோயில் திருவிழா மலரில், பள்ளி ஆண்டு மலரில், நாளிதழ் ஞாயிறு பதிப்பில் எழுதுங்கள். கோயில் எந்த ஆண்டு எழுந்தது, சிலை எங்கிருந்து வந்தது, தோட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் என்ன, பள்ளி எப்போது தொடங்கியது, யார் யார் படிப்பித்தார்கள் என்று கேட்டு, சொன்னவர் அனுமதியோடு எழுதுங்கள். அச்சில் வந்த பிறகு அதை ஆதாரமாகக் காட்டிக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதலாம். மயூரநாதனும் மற்றவர்களும் அப்படி ஒவ்வொன்றாக எழுதித்தான் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள்.

மூன்று மணி நேரம் இணைப்புத் தாவுகிறவனால் இதைச் செய்ய முடியாது. ஒரு கேள்வியை எடுத்து, அதை விடாமல் பிடித்து, நாலு பேரைக் கேட்டு, திரும்பி வந்து எழுதுகிறவனால்தான் முடியும். மனத்தைத் திருப்பப் பழகு என்று இத்தனை நேரம் சொன்னது தேர்வுக்காக மட்டும் இல்லை. நம் பெயர் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறுவது அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

திருநாளைப்போவார் 'நாளைப் போவேன்' என்று சொன்ன ஒவ்வொரு நாளும் அவர் மனம் தில்லையை விட்டு நகரவில்லை. அதனால் அந்த 'நாளை' ஒரு நாள் வந்தது. நாம் 'நாளை எழுதுகிறேன்' என்று சொல்லும்போது நம் மனம் எங்கே இருக்கிறது?

வகுப்பில் கலந்து பேச

1. கடந்த வாரம் நீங்கள் ஒன்றைத் தேடப் போய் வேறெங்கோ முடிந்த தடத்தை வரிசையாகத் தாளில் எழுதுங்கள். எந்த இணைப்பில் கேள்வி கைநழுவியது?

2. நளன் கதை தருமருக்கு என்ன கொடுத்தது? நீங்கள் படித்த வேறொரு கிளைக்கதையைச் சொல்லி, அது மூலக்கதைக்கு என்ன கொண்டு வந்தது என்று விளக்குங்கள்.

3. பெரியபுராணத்தில் இல்லாத பண்ணையாரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் ஏன் சேர்த்திருப்பார்? உங்கள் கருத்து என்ன?

4. 'சுற்றித் திரிந்து படிப்பதிலும் பயன் உண்டு.' இதை ஆதரித்து ஒருவரும் மறுத்து ஒருவரும் இரண்டு நிமிடம் பேசுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

'போர்ட்டிக்சன்' பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கேள்வி: 1891-இல் திறக்கப்பட்ட சிரம்பான்–போர்ட்டிக்சன் ரயில் பாதை எதற்காகப் போடப்பட்டது? மூன்று இணைப்புக்குள் பதிலோடு திரும்பி வந்து ஐந்து வாக்கியம் எழுதுங்கள். அதோடு உங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, கோயிலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டு, அவர் பதிலைத் தேதி போட்டு எழுதி வாருங்கள். கைப்பேசி அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

அடுத்த வகுப்பில் எல்லாருடைய தாளையும் சேர்த்து வாசிப்போம்.

திருச்சிற்றம்பலம்.